இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் காதலைக் கலைக்கலாமா?

சாரா ஜே. மாஸ் எழுதிய ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ நாவலைப் படித்து முடித்ததாகவும், அது சுமாராகத்தான் இருந்ததாகவும், இரண்டாம் பாகம் பல மடங்கு மேல் என்று தோழிகள் சொன்னதால் அதை எடுக்க நினைத்தபோது நாயகனே மாறிவிடுகிறான் என்று தெரியவந்து மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே, பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளுக்கு இந்தத் தொடரைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது அடுத்த புத்தகத்தை வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விதான். ஆனால் உங்கள் வரிகளில் உறுத்திக்கொண்டிருப்பது வேறொன்று: நானூறு பக்கங்களுக்கு மேல் ஒரு காதலை நம்பச் சொல்லிவிட்டு, அடுத்த நூலில் அதைக் கலைத்துப் போடுகிற எழுத்தாளர் வாசகரை ஏமாற்றுகிறாரா, அப்படிக் கலைத்தும் ஒரு நூல் முன்னதைவிடச் சிறந்ததாக இருக்க முடியுமா என்பது. முடியும் என்றே நான் கருதுகிறேன். காரணங்களைச் சொல்ல இரண்டு பாகங்களின் கதையையும் தொட்டாக வேண்டியிருப்பதால், இரண்டாம் பாகத்தின் திருப்பங்கள் முன்கூட்டியே தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நாவல்களையும் தொடர்கதைகளையும் அச்சுக்குப் போகும் முன் படித்துச் செம்மையாக்குவது பல ஆண்டுகளாக என் தொழில். தொடர்ச்சி நூல்கள் பெரும்பாலும் தொய்வதற்கு அந்த அனுபவத்தில் நான் கண்ட காரணம் ஒன்றுதான். முதல் பாகம் எங்கே முடிந்ததோ அந்த இடத்தைப் பத்திரமாக மூடி வைத்துவிட்டு, எழுத்தாளர் புதிதாக ஓர் ஆபத்தைத் தேடிப் போகிறார். பழைய வில்லனைவிடப் பெரிய வில்லன் வருகிறான், பழைய போரைவிடப் பெரிய போர் மூள்கிறது. காதல் கதையில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது. காதலர்கள் முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்திலேயே சேர்ந்துவிட்டதால், அவர்களை மறுபடி பிரிக்க ஒரு வீண் சந்தேகமோ, ஒட்டுக்கேட்ட அரைகுறைப் பேச்சோ, திடீரென்று முளைக்கும் பழைய காதலியோ தேவைப்படுகிறது. அந்தப் பிரிவு செயற்கையானது என்று வாசகருக்குத் தெரியும், எப்படியும் சேர்ந்துவிடுவார்கள் என்பதும் தெரியும். 2016இல் வெளிவந்த ‘எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி’ இந்த வழியில் போகவில்லை. முதல் பாகத்தின் சுபமான முடிவையே அது பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறது. அது மேலான நூல் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுவே.

2015இல் வந்த முதல் பாகத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். வறுமையில் குடும்பத்துக்காக வேட்டையாடும் பத்தொன்பது வயது ஃபேரா காட்டில் ஓர் ஓநாயைக் கொல்கிறாள். அது ஓநாய் உருவெடுத்த, மந்திர ஆற்றலுள்ள ஃபேரி இனத்தவன் என்பதால், அந்த உயிருக்கு ஈடாக டாம்லின் என்ற பிரபு அவளைத் தன் வசந்த அரசவைக்கு அழைத்துப் போகிறான். மிருக உருவில் வருபவன், பெரிய மாளிகை, வெளியே சொல்ல முடியாத சாபம் என்று ‘அழகியும் மிருகமும்’ (பியூட்டி அண்ட் த பீஸ்ட்) கதையின் எலும்புக்கூடு அப்படியே தெரியும். நாயகனின் பெயரும், ஃபேரி அரசியிடமிருந்து காதலனை ஒரு மானிடப் பெண் மீட்கும் பகுதியும் ‘டாம் லின்’ என்ற ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாடலிலிருந்து வந்தவை. இந்த இரண்டு பழங்கதைகளின் சட்டகம் முதல் பாகத்துக்குப் பலமும் சுமையும் ஆகிறது. முதல் பாதியில் சாபத்தின் இரகசியத்தைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் டாம்லினால் மனம்விட்டுப் பேச முடிவதில்லை. இரண்டாம் பாதியில், மலைக்கடியில் அவை நடத்தும் கொடுங்கோல் ஃபேரி அரசி அமராந்தாவின் பக்கத்தில் கல்லைப் போல உட்கார்ந்திருக்க வேண்டியிருப்பதால் அவனால் எதையும் செய்யவும் முடிவதில்லை. அதாவது, நாம் காதலிக்க வேண்டிய நாயகன் நூல் முழுவதும் கட்டிப்போடப்பட்டிருக்கிறான். அமராந்தா போடும் விடுகதைக்கு விடை காதல்தான் என்பதை வாசகர் கேட்டவுடனே சொல்லிவிடுவார். ஃபேரா சொல்ல கடைசிக் கட்டம் வரை ஆகிறது. நீங்கள் சுமார் என்று சொன்னதற்கு இவைதான் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். மலைக்கடிக் காட்சிகள் தொடங்கியபின் நூல் வேகமெடுப்பதும் உண்மை. அந்த வேகத்தில் ஒன்றை நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம்: டாம்லினை மீட்க அமராந்தா வைக்கும் மூன்று சோதனைகளில் மூன்றாவதில் ஃபேரா தன் கையால் குற்றமற்ற இருவரைக் குத்திக் கொல்கிறாள், பிறகு தானே கழுத்து முறிக்கப்பட்டு இறந்து, ஏழு பிரபுக்களின் ஆற்றலால் வேறோர் உடலில் உயிர்த்தெழுகிறாள். இவ்வளவும் நடந்த சில பக்கங்களுக்குள் அவள் காதலனோடு வீடு திரும்புகிறாள், கதை முடிகிறது.

இரண்டாம் பாகம் மூன்று மாதம் கழித்து, ஒரு நள்ளிரவில், ஃபேரா குளியலறையில் குனிந்து வாந்தி எடுப்பதில் தொடங்குகிறது. கொன்றவர்களின் முகங்கள் கனவில் வருகின்றன. உடல் மெலிந்துகொண்டே போகிறது. ஓவியம் வரைவதையே உயிராகக் கொண்டிருந்தவள் தூரிகையைத் தொடுவதில்லை. டாம்லினுக்கும் கெட்ட கனவுகள் உண்டு. ஆனால் இருவரும் அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. இந்த மௌனத்தை நூல் நிதானமாக, பல அத்தியாயங்களுக்குக் காட்டுகிறது. திருமணக் காட்சி இதன் உச்சம். வெண்ணிற உடையில் அவள் நடந்து வருகிறாள், எதிரே டாம்லின் நிற்கிறான், வழியில் சிவப்பு ரோஜா இதழ்கள் தூவப்பட்டிருக்கின்றன. அந்தச் சிவப்பு அவள் கண்ணுக்கு இரத்தமாகத் தெரிகிறது. கால் நகர மறுக்கிறது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, யாராவது தன்னைக் காப்பாற்ற மாட்டார்களா என்று உள்ளுக்குள் கெஞ்சுகிறாள். முதல் பாகத்தின் தலைப்பிலேயே ரோஜா இருக்கிறது, அழகியும் மிருகமும் கதையின் அடையாளமே ரோஜாதான். அதே மலரைக் கொண்டுவந்து, அந்த முடிவு இவளுக்கு எவ்வளவு பொருந்தாமல் போயிற்று என்பதை ஒரே காட்சியில் மாஸ் காட்டிவிடுகிறார். அந்த நொடியில்தான் இரவு அரசவையின் பிரபு ரீசாண்ட், மலைக்கடியில் அவள் கையைக் குணமாக்கியதற்கு விலையாகப் பேசிய ‘மாதத்தில் ஒரு வாரம்’ என்ற ஒப்பந்தத்தைச் சொல்லி வந்து நிற்கிறான். வசந்தத்தின் பெண் ஒவ்வொரு சுற்றிலும் சில நாள் இருளின் அரசனிடம் போய்த் திரும்புவது கிரேக்கப் புராணத்தில் பாதாள அரசனிடம் போய்த் திரும்பும் பெர்செஃபனி கதையின் சாயல். ஒரு பழங்கதையின் சட்டகத்திலிருந்து இன்னொன்றின் சட்டகத்துக்கு நாயகி இடம் மாறுகிறாள் என்று சொல்லலாம்.

அடுத்து, காதலை இந்நூல் எதைக் கொண்டு அளக்கிறது என்பதைப் பாருங்கள். டாம்லின் அவளை உண்மையாகவே நேசிக்கிறான், அதில் எனக்கு ஐயமில்லை. மறுபடி இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அவளை வெளியே விட மறுக்கிறான், காவல் போடுகிறான், பிரபுவின் மனைவிக்குத் தனி அதிகாரம் என்று எதுவும் கிடையாது என்கிறான். ஒருநாள் கிளம்பும்போது மாளிகையைச் சுற்றி மந்திர அரண் எழுப்பி அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான். மலைக்கடியில் சிறைப்பட்டிருந்தவள் அங்கே நொறுங்கிப்போகிறாள். ரீசாண்டின் உறவினளான மோர் வந்துதான் அவளைத் தூக்கிச் செல்கிறாள். இதோடு நெசவுக்காரி குடிசைக் காட்சியை வைத்துப் பார்க்க வேண்டும். மாயப் பொருள்களை அவளால் உணர முடிகிறதா என்று பார்க்க, உள்ளே போனவர்கள் திரும்பாத ஒரு குடிசைக்கு ரீசாண்ட் அவளை அனுப்புகிறான். அவள் ஒரு மோதிரத்தை எடுத்துக்கொண்டு, கதவு அடைபட்டுவிட, புகைபோக்கி வழியாக ஊர்ந்து தப்பி வருகிறாள். வெளியிலிருந்து யாரும் வந்து தூக்கிவிடவில்லை. மலைக்கடியில் பொறிகளைத் தாண்டியவள் தான்தான் என்ற நினைப்பு அந்த இடத்தில் அவளுக்குத் திரும்புகிறது. ஒருவன் ஆபத்திலிருந்து காக்க அடைத்துவைத்து அவளை ஏறக்குறைய இழக்கிறான், மற்றவன் ஆபத்துக்கே அனுப்பி அவளை அவளிடம் மீட்டுக்கொடுக்கிறான். காதலன் மாறியதற்கான நியாயத்தை நூல் வசனங்களால் வாதாடாமல் இப்படி நிகழ்ச்சிகளால் நிறுவுகிறது. படிப்பு விஷயத்திலும் அப்படியே. முதல் பாகத்தில் ஃபேராவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது இரண்டாவது சோதனையில் அவளைச் சிக்கவைக்க உதவிய ஒரு தடை மட்டுமே. இரண்டாம் பாகத்தில் ரீசாண்ட் அவளைத் தன்னைப் பற்றிய புகழுரைகளைத் திரும்பத் திரும்ப எழுதவைத்துச் சீண்டிக்கொண்டே கற்பிக்கிறான். அவள் எரிச்சலோடு எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். காதல் மெல்லத் துளிர்ப்பதும் அவள் தன்மதிப்பு மீள்வதும் அந்த ஒரே பாடவேளையில் நடந்துவிடுகின்றன. ஒரே காட்சி இரண்டு வேலை செய்யுமாறு எழுதுவது கடினமான கலை. முதல் பாகத்தில் அத்தகைய காட்சிகள் குறைவு.

இனி, ஏமாற்று வேலையா என்ற உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். நூலில் அச்சாகியிருப்பதைக் கொண்டு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. முதல் பாகத்தின் நெருப்பு இரவு விழாவில் மூன்று பேர் ஃபேராவை வளைத்துக்கொண்டபோது மீட்டவன் ரீசாண்ட். அதே இரவில் அவள் கழுத்தைக் கடித்துவிட்டு, அறையில் இருக்கச் சொன்னேனே என்று பழியை அவள் மீதே போட்டவன் டாம்லின். மலைக்கடியில் தனியாக ஒரு கணம் கிடைத்தபோது தப்பிக்கும் வழியைப் பேசாமல் அவளை அணைத்து முத்தமிட்டதும் அவன்தான். முதல் பாகத்தின் இறுதியில், விடைபெறும் நேரத்தில் ரீசாண்ட் ஃபேராவைப் பார்த்துத் திடுக்கிட்டுத் தடுமாறி, காரணம் சொல்லாமல் மறைந்துவிடுகிறான். அந்தக் காரணம் இரண்டாம் பாகத்தில்தான் விளங்குகிறது. ஆகவே, இரண்டாம் பாகம் ஒட்டிக்கொள்ளும் கொக்கிகள் முதல் பாகத்திலேயே போடப்பட்டிருக்கின்றன. உங்களுக்கு முதல் பாகம் இன்னும் நினைவில் புதிதாக இருப்பதால் இந்தப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் தெரியும். ஆனால், டாம்லினின் ஒவ்வொரு குறையும் திட்டமிட்டே எழுதப்பட்டதா, அல்லது அந்த வகை நூல்களில் வழக்கமாக வரும் முரட்டு நாயகனாகத்தான் முதலில் எழுதப்பட்டு, பிறகு அந்த முரட்டுத்தனமே சான்றாகப் பயன்படுத்தப்பட்டதா என்பதை அச்சான பிரதியைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. என் ஊகம் இரண்டும் கலந்தது என்பதே. வாசகருக்கு அது பெரிய வேறுபாடு செய்யாது என்றும் நினைக்கிறேன். திரும்பிப் படிக்கும்போது முதல் பாகம் முரண்படாமல் புதிய பொருள் தருகிறதா என்பதுதான் தேர்வு, அதில் பெரும்பகுதி தேறிவிடுகிறது.

பெரும்பகுதி என்று அளந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. ரீசாண்ட் மலைக்கடியில் ஃபேராவுக்கு மயக்கும் மதுவைக் கொடுத்து, அரைகுறை உடையில் எல்லார் முன்னிலையிலும் ஆடவைத்தான். அவளைக் காப்பாற்றவும் அமராந்தாவை நம்பவைக்கவும் செய்தது என்று அவன் தரப்பு விளக்கம் ஐம்பத்துநான்காம் அத்தியாயத்தில் நீண்ட ஒப்புதலாக வருகிறது. உணர்ச்சிப் பெருக்கில் அந்த அத்தியாயம் தொடரிலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. ஆனால் அவளுடைய சம்மதம் இன்றி நடந்த ஒன்றை, செய்தவனின் நல்லெண்ணம் முழுமையாகத் துடைத்துவிடுகிறது என்று நூல் எண்ணுவதுபோல் இருக்கிறது. டாம்லினைச் சம்மதம் என்ற அளவுகோலால் இவ்வளவு கறாராக அளந்த நூல், ரீசாண்டிடம் அந்தக் கோலைச் சற்றுத் தளர்த்திப் பிடிக்கிறது. டாம்லின் பாத்திரமும் பின்பகுதியில் குறுகிவிடுகிறது. அவனும் அதே மலைக்கடியிலிருந்து வந்தவன், அவனுக்கும் ஆறாத காயம் உண்டு என்பதை முதற்பகுதி அழகாகக் காட்டியிருக்க, இறுதிக்கட்டத்தில் பகைநாடான ஹைபர்னின் அரசனோடு கைகோர்த்துக்கொண்டு வருபவன் வெறும் எதிரியாகவே நிற்கிறான். மூன்றாம் பாகத்தில் அவனுக்குக் கொஞ்சம் நியாயம் வழங்கப்படுகிறது. போருக்கான ஏற்பாடுகள், கதைக்குள் வரும் ஒரு மந்திர நூலின் இரு பாதிகளைத் தேடுவது, மானிட அரசிகளோடு பேச்சுவார்த்தை ஆகியவை காதல் மூச்சு வாங்கும் இடைவெளிகளை நிரப்பும் அளவுக்கே அழுத்தம் பெறுகின்றன. அறுநூறு பக்கங்களைத் தாண்டும் நூலில் எண்பது, நூறு பக்கங்களைக் குறைத்திருக்கலாம் என்பது என் தொழில் கண்ணுக்குத் தோன்றுவது.

இந்த வழி மாஸுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். மேகன் வேலன் டர்னரின் ‘த தீஃப்’ 1996இல் வந்தது. கெட்டிக்காரத் திருடன் ஒருவன் தன் கதையைத் தானே சொல்லும் சாகச நாவல், அதில் காதலுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. 2000இல் வந்த அதன் தொடர்ச்சியான ‘த குவீன் ஆஃப் அட்டோலியா’ தொடக்கத்திலேயே அந்தத் திருடனைப் பகைநாட்டு அரசியிடம் பிடித்துக்கொடுக்கிறது. அவள் அவனுடைய வலக்கையை வெட்டிவிட ஆணையிடுகிறாள். எந்தக் கை முதல் பாகத்தின் கதையையே நடத்தியதோ அந்தக் கை போய்விடுகிறது. பிறகு அந்த அரசிக்கும் அவனுக்கும் இடையில்தான் காதல் என்கிறது நூல், நம்பவும் வைக்கிறது. தன்மை நிலையில் சொல்லப்பட்ட கதை இங்கே படர்க்கைக்கு மாறுவதால், அவன் மனத்தை நாம் வெளியிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது, அதனால் அந்தக் காதலின் மர்மம் கூடுகிறது. ஓவியத்தை இழந்த ஃபேராவையும் கையை இழந்த இந்தத் திருடனையும் பக்கத்தில் வைத்தால் பொதுவான ஒன்று தெரிகிறது. இரண்டு தொடர்ச்சிகளும் முதல் பாகத்தில் நாம் எதற்காக அந்தப் பாத்திரத்தை விரும்பினோமோ அதையே முதலில் பறித்துவிடுகின்றன, பிறகு அது இல்லாமல் அவர்கள் யார் என்று கேட்கின்றன. சொல்நேர்த்தியிலும் கட்டுக்கோப்பிலும் டர்னரின் நூலே மேல் என்பேன். உணர்ச்சியின் நெருக்கத்தில் மாஸ் முந்துகிறார். டர்னரிடம் ஒரு பார்வையிலோ ஒரு சொல்லிலோ அடங்கிவிடுவது மாஸிடம் ஒரு முழு அத்தியாயமாக விரிகிறது. சில நேரங்களில் அந்த விரிவு தேவையாகவும் இருக்கிறது.

அக்கா மகளைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது. ‘எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி’ 2016இல் குட்ரீட்ஸ் என்ற புத்தக வாசகர் இணையதளத்தின் வாசகர் விருதை இளையோர் ஃபேன்டசிப் பிரிவில் பெற்றது என்பதைப் பார்த்துவிட்டுப் பலர் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தொடர் என்று எண்ணிவிடுகிறார்கள். பதிப்பாளரான புளூம்ஸ்பரியே 2020இல் புதிய அட்டைகளோடு வெளியிட்டபோது தொடரைப் பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாற்றிவிட்டது. இரண்டாம் பாகத்தின் பின்பாதியில் வெளிப்படையான பாலுறவுக் காட்சிகள் உள்ளன, சித்திரவதையும் மன உளைச்சலும் முதலிலிருந்தே உள்ளன. பத்தாம் வகுப்பு மாணவிக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அதே வயதுக்கு டர்னரின் ‘த தீஃப்’ தாராளமாகக் கொடுக்கலாம். அதன் இரண்டாம் பாகத்தில் அந்தக் கை வெட்டும் காட்சியை நீங்கள் முதலில் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

உங்களைப் பொறுத்தவரை, படியுங்கள் என்பேன். முதல் பாகத்தை மறுபடி முழுவதும் படிக்க வேண்டியதில்லை. நெருப்பு இரவையும், மூன்றாவது சோதனையிலிருந்து இறுதி வரையும் மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டாம் பாகத்தைத் திறங்கள். தொடக்க அத்தியாயங்கள் மெதுவாகவும் இறுக்கமாகவும் இருக்கும், அந்த மூச்சுத்திணறல் வேண்டுமென்றே எழுதப்பட்டது. மோர் அவளைத் தூக்கிச் செல்லும் கட்டம் வரை பொறுத்துப் படியுங்கள். அதன்பின் வரும் வெலாரிஸ் நகரமும், ரீசாண்டின் நெருங்கிய வட்டத்தைச் சேர்ந்த காசியன், அஸ்ரியல், அம்ரென் ஆகியோரும் உங்களைப் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் தாராளமாக நிறுத்திவிடலாம்; அதற்குப் பிந்தைய பாகங்கள் எல்லாம் அந்த நகரத்தையும் அந்த மனிதர்களையும் நம்பியே நடப்பவை. இன்னொன்று: இரண்டாம் பாகம் ஒரு முடிச்சில் நிற்கிறது, ஃபேரா வேறொரு நோக்கத்தோடு வசந்த அரசவைக்கே திரும்புகிறாள். அதைப் படித்த இரவே மூன்றாவதைத் தேடுவீர்கள் என்பதால், 2017இல் வந்த ‘எ கோர்ட் ஆஃப் விங்ஸ் அண்ட் ரூயின்’ நூலையும் சேர்த்தே நூலகத்தில் பதிந்து வைத்துவிடுங்கள்.